செவ்வாய்க்கிழமை மெக்கானிக்

"இந்த வாரமும் ஹேர்பின்தாண்ணே!"

எஸ்கலேட்டரின் காலடியில் மண்டியிட்டிருந்த மெக்கானிக், இரும்புப் பல்லிடுக்கில் சிக்கியிருந்த கறுப்புப் பின்னைக் குறடால் உருவினார். துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நின்றிருந்த படிகள் மறுபடி ஏற ஆரம்பித்தன.

"எந்தப் புண்ணியவதியோ, வாராவாரம் ஒண்ணு விட்டுட்டுப் போறா," என்றார் காவலாளி.

"கூட்டம் அப்படிண்ணே. என்ன பண்ண முடியும்?"

கூட்டமாவது ஒன்றாவது! அந்த மூன்று மாடி மாலில் மிச்சம் இருந்தது கீழே ஒரு மருந்துக் கடையும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையும்தான். மேற்குக் கோடியில் ஊசியிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை விற்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் முதலில் மூடியது. கிழக்குக் கோடி ஜவுளிக் கடை இரண்டு வருடம் தம் பிடித்துப் பார்த்துவிட்டு மூட்டை கட்டியது. அப்புறம் நடுவிலிருந்த கடைகள் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டன. கட்டடத்தை வாங்க யாராவது வந்தால் களையாகத் தெரிய வேண்டும் என்று முதலாளி சொன்னதால், எஸ்கலேட்டர் மட்டும் ஆளில்லாத மாடிக்கு நாள் முழுக்க ஏறிக்கொண்டிருந்தது.

காவலாளி பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றினார்.

"திறந்த அன்னிக்கு ஞாபகம் இருக்கா? இதுல ஏற பயந்துக்கிட்டு ஜனங்க செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நின்னாங்களே!"

"ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லைண்ணே. மேல போய் இறங்கினப்புறமும் விடல!"

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஆயிரம் தடவை சொன்ன கதைதான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு காவலாளி வாய்விட்டுப் பேசுவது வாரத்தில் இந்த ஒரு மணி நேரம்தான். மற்ற நாளெல்லாம் மருந்துக் கடைக்காரர் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய் பதினொன்றாகியும் மெக்கானிக்கைக் காணோம். அவருடைய நம்பருக்கு மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. 'ஆபீசுக்கு அடிச்சா லேட்டாகும், நேரா எனக்கே அடிங்கண்ணே' என்று கொடுத்த நம்பர். மனுஷனுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? நின்றுபோயிருந்த எஸ்கலேட்டரில் ஒட்டியிருந்த கம்பெனி நம்பருக்கே காவலாளி அடித்துவிட்டார்.

"அவரா? அவர் ரிட்டயராகி எட்டு மாசம் ஆச்சே சார்," என்றாள் ஒரு பெண். "உங்க மால் கான்ட்ராக்டும் அப்பவே முடிஞ்சு போச்சு. நாங்க யாரையும் அனுப்பறதில்லையே!"

காவலாளி போனைக் கையில் பிடித்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் செருப்புச் சத்தம். கம்பெனிச் சட்டையில் மூச்சிரைக்க வந்து நின்றார் மெக்கானிக். அந்தச் சட்டையின் காலர் நைந்திருந்ததைக் காவலாளி இன்றுதான் கவனித்தார்.

"பஸ்ஸை விட்டுட்டேண்ணே. போனு பையில இருந்துச்சு, கேக்கல. ஆபீஸ்ல வேற காலையிலயே நாலு வேலையைத் தலையில கட்டிட்டாங்க."

காவலாளி போனை வைத்துவிட்டு பிளாஸ்க்கைத் திறந்தார். "உங்க ஆபீஸ்ல உன்னைப் போட்டுப் பிழியறாங்கய்யா. முதல்ல டீயைக் குடி."

டீ குடித்துவிட்டு மெக்கானிக் குனிந்து பின்னை உருவினார். பிறகு, எதையோ நினைத்துக்கொண்டவர்போல் பையைத் துழாவி, ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினார்.

திறந்தால், இத்தனை வாரமாக உருவிய பின்கள் அத்தனையும் துடைத்து அடுக்கியிருந்தன. அதன் மேல், பிரிக்காத புது ஹேர்பின் அட்டை ஒன்று.

"அண்ணியோட பின்னையெல்லாம் வீட்டுல பத்திரமா வெச்சுக்கோங்கண்ணே," என்றார் மெக்கானிக், காவலாளியின் முகத்தைப் பார்க்காமலே. "அடுத்த வாரத்துலேர்ந்து இதைச் செருகுங்க."