எல்லாம் படித்தாயிற்று

சாயங்கால வெயிலில் கணினித் திரை கூசுகிறது. பிடித்த இணையதளங்களில் புதிதாக வருவதையெல்லாம் ஓரிடத்தில் அடுக்கித் தரும் செய்தித்திரட்டியில், பங்குச்சந்தை முதல் எவனோ ஒருவன் வீட்டுப் பூனைக்குக் காய்ச்சல் வந்த கதை வரை கணவன் வரி விடாமல் படித்து முடித்திருக்கிறான். மனைவியின் வலைப்பூ மட்டும் மாதக்கணக்காகச் சீந்துவாரின்றி, இன்னும் படிக்கவில்லை என்று காட்டும் தடித்த எழுத்தில் கிடக்கிறது. முகம் பார்த்துச் சொல்லத் தைரியம் வராமல் காலையில் அவள் எழுதிய ‘டாக்டர் சொன்னது’ அதில் முதலாவதாக நிற்கிறது. “என்னோடதைப் படிச்சீங்களா?” பின்னால் நின்று துணி மடித்தபடியே கேட்கிறாள். “இதோ.” ‘எல்லாம் படித்தாயிற்று’ என்ற பொத்தானை அவன் ஒரு தட்டுத் தட்டுகிறான்; தடித்த தலைப்புகள் மொத்தமாக வெளிறிப்போகின்றன. “நல்லாத்தான் எழுதுறே. விட்டுடாதே.” மடித்து வைத்த அவன் சட்டையை உதறி, அவள் மறுபடியும் மடிக்கிறாள்.