அலமாரிக் கதவில் ஒரு தாள்

அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளில் நான்கை அடித்துவிட்டுப் பக்கத்தில் மூன்று என்று எழுதியிருந்தது.

அரிசி எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"4 பேர், 24 நாள்" என்பது நேற்று ராத்திரிக் கணக்கு. "3 பேர், 32 நாள்" என்பது இன்று காலையில் எழுதியது. என் வீட்டுக்காரர் கையெழுத்தேதான். ஆஸ்பத்திரி ஸ்டோரில் பதினெட்டு வருடம் இருப்பு எழுதிய கை.

இந்த அலமாரியை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! ஒரு மாதத்துக்கு அரிசி, பருப்பு, மெழுகுவத்தி, தண்ணீர் கேன். பழையது முன்னால், புதியது பின்னால். யாராவது மாற்றி வைத்தால் மனிதர் குதிப்பார்.

ஆறு நாளுக்கு முன் மலைப்பாதை இரண்டு இடத்தில் சரிந்தது. கரண்ட் போனது, போன் போனது. என் கேலியும் போனது.

பாதை திறக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும், மேகம் விலகாமல் ஹெலிகாப்டரும் வராது என்று இன்று காலை ரேடியோவில் சொன்னார்கள். அவர் பதறவில்லை.

"சரியா வரும்மா. நான் பாத்துக்கறேன்."

சரியாக வரும் வழி இதுதானா?

நாங்கள் நான்கு பேர். அவர், நான், மகள், படுத்த படுக்கையாகக் கிடக்கும் என் அம்மா. யாரை அடித்திருப்பார் என்று யோசிக்க வேண்டுமா என்ன?

எனக்கு ரத்தம் கொதித்தது. இரண்டு நாளாக அவர் தண்ணீர் குடிக்கும் அழகை நினைத்ததும் இன்னும் கொதித்தது. எங்களுக்கு டம்ளரில் கோடு போட்டு அளந்து கொடுப்பவர், தான் மட்டும் மடக் மடக்கென்று குடிக்கிறார். அளவெல்லாம் ஊருக்குத்தானா என்று நேற்று கேட்டேவிட்டேன். பசியில்லை என்று தட்டை மகள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

அம்மாவின் மாத்திரையையும் எடுத்து ஒளித்திருப்பார் என்று கீழ்த்தட்டைக் குடைந்தேன்.

எல்லாம் இருந்தது. பட்டை பட்டையாக, ரப்பர் பேண்ட் போட்டு, இரண்டு மாதத்துக்கு.

பக்கத்தில் அவர் இன்சுலின் போட்டுக்கொள்ளும் வெறும் ஊசிகள். பாதை சரிந்த அன்று அறுபது என்று தாளிலேயே எழுதியிருந்தார். நாளைக்கு இரண்டு. ஆறு நாளில் பன்னிரண்டு போயிருக்க வேண்டும்.

எண்ணினேன். ஐம்பத்திரண்டு இருந்தன; எட்டுதான் போயிருந்தது.

ஸ்டோர்காரருக்கு அலமாரியில் நிற்பதுதான் இருப்பு. மருந்து ஃப்ரிட்ஜில் அல்லவா இருக்கும்? அது அவருடைய எந்தத் தாளிலும் ஏறியதே இல்லை. மாதாமாதம் ஒன்றாம் தேதி போய் வாங்கி வருவார். பாதை சரிந்தது இருபத்தேழாம் தேதி.

சின்ன வயதிலிருந்தே இருக்கும் சர்க்கரை. ஊசி நின்றால் அடங்காத தாகம் எடுக்கும், அப்புறம் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். எப்படி மறந்தேன், பாவி!

கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவுத் தட்டில் சின்னக் குப்பி ஒன்று காலியாக நின்றது.

"கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார் அவர், உள்ளறையிலிருந்து.

டம்ளரை எடுத்தேன். கோட்டைத் தாண்டி, விளிம்புவரை ஊற்றினேன்.