ஊசிக் கூடத்து வாசலில்

பெற்றவளே மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் போதை ஊசி போடவைத்தால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்?

எப்பேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோபன்ஹேகனில், ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் அவர் சைக்கிள் ரிப்பேர் கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எதிர்ச் சாரியில் நகராட்சியின் ஊசிக் கூடம். போதைக்கு அடிமையானவர்கள் சந்துபொந்துகளில் விழுந்து சாகாமல், நர்ஸ் கண்ணெதிரே சுத்தமான ஊசியில் போட்டுக்கொள்ளும் இடம்.

கூடத்தைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். போடிலைத்தான் பொறுக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் குடியிருக்கும் அந்த அம்மாள், தன்னோடு இருக்கும் ஒல்லிப் பையன் டோர்கிலைக் காலையில் கைபிடித்து அழைத்து வருவாள். அவன் வெளியே வரும்வரை வாசலிலேயே நிற்பாள். வந்ததும் கறுப்பு ரொட்டியும் சீஸும் கொடுத்துத் தின்னவைப்பாள்.

அன்று டோர்கில் வெளியே வந்து ஏதோ சொன்னான். போடில் அவனைக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் குதித்தாள்.

எப்பே ஸ்பானரும் கையுமாக ரோட்டைத் தாண்டினார்.

"மகன் ஊசி போட்டுட்டு வர்றான், நீங்க குதிக்கிறீங்க. வெட்கமா இல்ல?"

அது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். போதையை விடும் சிகிச்சைக்குப் போகிறேன் என்று இன்று அவனே நர்ஸிடம் சொல்லிவிட்டானாம். நர்ஸ் உடனே போன் போட்டாளாம். சிகிச்சை மையத்தில் ஒரு படுக்கை காலியாக இருக்கிறதாம். மதியத்துக்குள் போகாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். ரோட்டைத் தோண்டிப் போட்டிருப்பதால் டாக்சி வராது.

எப்பே கடையைத் திரும்பிப் பார்த்தார். முன்னால் பெட்டி வைத்த சாமான் சைக்கிள் ஒன்று ரிப்பேர் முடிந்து நின்றது.

"ரெண்டு பேரும் ஏறுங்க."

கடையைப் பூட்டக்கூட இல்லை. பெட்டிக்குள் இருவரும் முழங்கால் இடிக்க உட்கார, எப்பே எழுந்து நின்று மிதித்தார். பாலத்து ஏற்றத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. டோர்கில் குதித்திறங்கிப் பின்னாலிருந்து தள்ளினான். அந்தப் பக்கச் சரிவில் காற்று முகத்தில் அடிக்க மூவருமே சிரித்துவிட்டார்கள். கோபம் போன இடம் தெரியவில்லை.

மையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நல்லவேளை, படுக்கை போகவில்லை. உள்ளே நுழையும் முன் டோர்கில் போடிலைத் திரும்பிப் பார்த்தான்.

"பார்க்க வருவீங்கல்ல?"

"வராம எங்கடா போவேன்?"

கதவு மூடியது. எப்பே, காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு சொன்னார்:

"உங்க மகன் தேறிடுவான், போடில்."

போடில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவன் என் மகன் இல்ல எப்பே. என் மகன் ஒரு மாடிப்படிக்கு அடியில ஊசி போட்டுக்கிட்டு செத்துப்போனான். அவன் மூச்சு நின்னப்போ, போலீசுக்குப் பயந்து விட்டுட்டு ஓடினவன் இவன்தான்."