தம்பியின் மரியாதை

"சொல்லுங்க" என்றான் தம்பி.

அவளுக்குச் சுருக்கென்றது.

திட்டட்டும் என்றுதான் போன் போட்டாள். திட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல ஒரு 'சொல்லுங்க'.

போன மாசியில் அவன் மகள் கல்யாணம். பத்திரிகையில் அத்தைக்காரி பெயர் விட்டுப்போயிருந்தது. இவளும் லேசுப்பட்டவளா? தாலி ஏறியதும் அட்சதையைப் போட்டுவிட்டு, பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டாள்.

அன்றிலிருந்துதான் இந்த மரியாதை.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இங்கே சதையும் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அறுபதைத் தாண்டிவிட்டாள். மருமகள் 'அத்தை' என்கிறாள். தெருவே 'டீச்சரம்மா' என்கிறது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, அவளை 'ஏ முட்டக்கண்ணி' என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் மிச்சம். அதைக் கேட்காமல் காது ஏங்கிப்போயிருந்தது.

அந்த வாய்தான் இப்போது 'சொல்லுங்க' என்கிறது.

அப்பா திதி பஞ்சமிதானே என்று கேட்டாள். தெரியாமலா தப்பாகக் கேட்டாள்? வருஷா வருஷம் அன்றைக்கு விரதம் இருக்கிறவள்.

சப்தமி என்று பதவிசாகத் திருத்தினான்.

அவ்வளவுதான். வைத்துவிடப் போகிறான்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அப்பா சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்தது எப்போதும் தான்தான் என்றாள். அவன் பின்னால் கேரியரில் அழுதுகொண்டே வருவானாம்.

பச்சைப் பொய்.



"யாரு, நீயா? ஏ முட்டக்கண்ணி! வாய் கூசாமப் பொய் சொல்றியே. முன்னால உக்காந்தது நானு! கேரியர்ல மூக்கு ஒழுக வந்தது நீ! ரிட்டயர் ஆகியும் புத்தி வரலயா ஒனக்கு?"

படக்கென்று வைத்துவிட்டான்.

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நடுவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

போன் மறுபடி அடித்தது.

அவன்தான். இன்னும் திட்டி முடிக்கவில்லை போலிருக்கிறது.