வலது கால்

"கால் லேட்டா வருது சார்."

டிரம்ஸ் டீச்சர் இதை எட்டுச் சனிக்கிழமைகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவரும் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.

கையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. வலது கை ஓரத்துத் தட்டில் டிக் டிக்கென்று ஓடும். இடது கை நடுவிலுள்ள சின்ன டிரம்மில் சரியாக விழும். ஐம்பத்தாறு வயதில் குச்சி பிடித்தவருக்கு இது பெரிய விஷயம்தான்.

இந்த வலது கால் இருக்கிறதே, அதுதான் சண்டித்தனம் பண்ணியது. பெரிய டிரம்மின் பெடலை அது மிதிக்க வேண்டும். மிதித்தது. ஆனால் கை வேலையை முடித்த பிறகு, ஆள் அனுப்பிக் கூப்பிட்டது போல வந்து மிதித்தது.

வீட்டிலும் விடாமல் பழகினார். சாப்பிடும்போதுகூட மேசைக்கடியில் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். "தையல் மிஷின் வாங்கித் தரட்டுமா? நாலு துணியாவது தைக்கலாம்" என்றாள் பெண்டாட்டி.

வகுப்பு நடப்பது சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறையில். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தை. மற்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவருக்கு 'டிரம்ஸ் தாத்தா' என்று பெயர் வைத்திருந்தார்கள். பேரப்பிள்ளை இன்னும் வரவில்லை, பட்டம் மட்டும் வந்துவிட்டது.

இந்த வயதில் இது என்ன ஆசை என்று எல்லோரும் கேட்டார்கள். ஆசையாவது ஒன்றாவது! அவர் டிரம்ஸ் கற்றுக்கொள்ள வரவே இல்லை.

டீச்சரிடம் ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தார். முதல் சனிக்கிழமை படியேறும்போது வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கதவைத் திறந்தவள், "கிளாஸ்ல சேர வந்தீங்களா?" என்று கேட்டாள். பாவி மனுஷன், ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று வந்தார். நனைந்து வந்திருந்தவருக்கு அவள் தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். அதற்கடுத்த வாரம் தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். டீயைக் குடித்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

சுவரில் அவளுடைய தம்பியின் படம் மாட்டியிருந்தது. இரண்டு குச்சியையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சிரிக்கிறான். இந்த வகுப்பை ஆரம்பித்தவன் அவன்தான். டிரம்ஸும் அவனுடையது. ஸ்டூலின் உயரம்கூட அவன் திருகி வைத்தபடியே இருந்தது. அதை மாற்ற அவள் யாரையும் விடுவதில்லை. அவர் முழங்காலை மடக்கி, இடித்துக்கொண்டுதான் உட்காருவார்.

"தம்பி இருந்திருந்தா ரெண்டே நாள்ல உங்க காலை வழிக்குக் கொண்டு வந்திருப்பான்" என்பாள். அவர் படத்தின் பக்கம் திரும்ப மாட்டார்.

இன்றைக்கு அவள் ஒரு புது வழி வைத்திருந்தாள்.

"கண்ணை மூடிக்குங்க சார். எதையும் எண்ணாதீங்க. நான் கைதட்டுவேன். கேட்ட உடனே மிதிங்க, அவ்வளவுதான்."

மூடினார். மூடியது தப்பாகப் போயிற்று. உள்ளே அந்தத் தெரு இருந்தது. பட்டப்பகல். நின்றுகொண்டிருக்கும் ஒரு பஸ். அதன் பின்னாலிருந்து வெளியே வருகிற ஒரு சைக்கிளின் முன்சக்கரம்.

கைதட்டல் கேட்டது. மிதித்தார்.

டம்.

மறுபடியும் தட்டினாள். மறுபடியும் அதே சக்கரம். மிதித்தார்.

டம்.

விசாரணை மூன்று மாதம் நடந்தது. வேனை அவர் வேகமாக ஓட்டவில்லை, குடித்திருக்கவில்லை, பிரேக்கில் பழுதில்லை. பையன்தான் திடீரென்று குறுக்கே வந்துவிட்டான் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். டிரைவர் மேல் தப்பில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். முதலாளியும் அதையே சொன்னார், பெண்டாட்டியும் சொன்னாள். பையனின் அப்பாகூட அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னப்பா பண்ணுவீங்க" என்று அழுதார். பையனின் அக்கா மட்டும் விசாரணைக்கு வரவே இல்லை. வண்டி ஓட்டியவனின் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாளாம்.

அவருடைய காலை யாரும் விசாரிக்கவில்லை. சக்கரத்தைக் கண் பார்த்ததற்கும் கால் பிரேக்கை மிதித்ததற்கும் நடுவில் ஒரு துளி நேரம் வீணாய்ப் போயிருந்தது. ஏன் என்று அவருக்கே தெரியாது. ஆனால் போனது தெரியும். சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தவர் அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

தப்பில்லை, தப்பில்லை என்று ஊரே சொன்னபோது வராத தூக்கம், சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் வந்தது. அன்றைக்குத்தான் ஒருத்தி நேருக்கு நேராக உட்கார்ந்து, கால் லேட் என்று சொன்னாள்.

இன்று அவளும் அலுத்துவிட்டாள். கைதட்டுவதை நிறுத்திவிட்டு, ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"சரி, விடுங்க சார். இதுக்குப் போய் இப்படி வேர்த்துக் கொட்டுறீங்க! அரை செகண்ட் லேட்டானா யாரு செத்தா போயிடப் போறாங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். படத்தில் இருக்கும் அதே சிரிப்பு.

அவர் கண்ணைத் திறந்தார். குச்சிகளைச் சத்தம் வராமல் டிரம் மேல் வைத்தார். அந்த அறைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாகப் படத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னைக்கும் லேட்டாத்தான் வந்துச்சு டீச்சர்."