கடைசியாக வந்த எண்

பத்தொன்பது புள்ளி எட்டு.

மடிக்கணினித் திரையில் எண்ணைப் பார்த்ததும் அவளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. காற்றில் ஆக்சிஜன் பத்தொன்பதரை சதவீதத்துக்குக் கீழே போனால்தான் ஆபத்து.

கிணற்று மேட்டில் அவளுடைய அண்ணன் சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். கிணற்றுக்குள் இருந்த மோட்டார் நின்று நான்கு நாள்; இறங்கித்தான் சரிசெய்ய வேண்டும். மஞ்சள் வாடிக்கொண்டிருந்தது.

போன மாதம் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் ஒருவர் இறங்கினார். ஏறவில்லை. அவரைத் தூக்கப் போனவரும் ஏறவில்லை. விஷக்காற்று.

அதனால்தான் இதைச் செய்தாள். உள்ளங்கையளவு சர்க்யூட் போர்டு, ஆக்சிஜன் சென்சார், பேட்டரி. எல்லாம் துளையிட்ட ஐஸ்கிரீம் டப்பாவுக்குள். வைஃபையில் மடிக்கணினியோடு இணைந்து, இரண்டு நொடிக்கொரு முறை உள்ளே காற்று எப்படி என்று அனுப்பும். இணைப்புக்கான நிரலை எழுதவே மூன்று நாளானது.

மெக்கானிக் கதிர்வேல் டப்பாவைக் கட்டிய கயிற்றை அடிவரை விட்டிருந்தார்.

"என்ன சொல்லுது அம்முணி, உம்பொட்டி?" என்றான் அண்ணன்.

"நல்லாத்தான் காட்டுதுங்ணா. எறங்குங்க."

சென்னியப்பன் இரும்பு ஏணியில் இறங்கினான்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பது புள்ளி எட்டு.

பத்தொன்பது புள்ளி எட்டு.

வீட்டு மேசையில் சோதித்தபோது கடைசி இலக்கம் ஒருபோதும் நின்றதில்லை. ஏழாகும், ஒன்பதாகும், மறுபடி எட்டாகும்.

இது அசையவில்லை.



இணைப்பு அறுந்தால், அறுந்துவிட்டதென்று யாரும் வந்து சொல்வதில்லை. மடிக்கணினி பேசாமல் காத்திருக்கும். கடைசியாக வந்த எண் திரையில் அப்படியே நிற்கும். எண்ணைப் பெரிதாகக் காட்டும்படி எழுதியிருந்தாள். அது எப்போது வந்தது என்று காட்டும்படி எழுதவில்லை.

பாறை உள்வாங்கும் இடத்திலேயே சிக்னல் போயிருக்க வேண்டும். அதற்குக் கீழே காற்று எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

"அண்ணா! மேல வாங்க!"

"ஏன்?" குரல் ஆழத்திலிருந்து வந்தது. "இன்னும் பத்துப் படிதான் அம்முணி."

"கயித்த இழுங்க!" என்று கதிர்வேலிடம் கத்தினாள்.

அவர் இழுத்தார். டப்பா சுவரில் இடித்துக்கொண்டே ஏறியது. பாதிக் கிணறு வந்ததும் திரை அசைந்தது.

பதினெட்டு.

பதினாறு.

பதிமூன்று.

பதினொன்று.

அடியில் அளந்தவை. அனுப்ப வழியில்லாமல் போர்டுக்குள் தேங்கிக் கிடந்தவை. வழி கிடைத்ததும் முண்டியடித்துக்கொண்டு வந்தன.

பதினொன்றில் ஆள் நிற்க முடியாது.

அவள் விளிம்பில் குப்புறப் படுத்துக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏணியில் சத்தம் இல்லை.

பிறகு ஒரு படி.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

இன்னொரு படி.

கதிர்வேல் நாலு படி இறங்கி, ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, எட்டிய முழங்கையைப் பற்றி இழுத்தார். சென்னியப்பன் மேட்டில் வந்து விழுந்தான். உதடு வெளுத்திருந்தது. வாந்தி எடுத்தான்.

"காலு வரமாட்டேன்னுருச்சு அம்முணி."

அவள் அவன் நெஞ்சில் கை வைத்தாள். ஏறி இறங்கியது. கையை எடுக்கப் பயமாக இருந்தது.

கதிர்வேல் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணன் குடித்து, எழுந்து உட்கார்ந்து, சிரிக்கவும் செய்தான். அதன் பிறகுதான் கதிர்வேல் புல்லில் கிடந்த டப்பாவை இரண்டு கையாலும் எடுத்தார்.

"இந்தப் பொட்டி இல்லீனா இன்னைக்கு உங்கண்ணன் இல்லீங்க அம்முணி. நாளைக்குக் காலைல மேக்கால தோட்டத்துக் கெணத்துல எறங்கறனுங்க. எம்பையன் தெரையப் பாத்துக்குவான். இதயும் கம்ப்யூட்டரயும் குடுத்துடுங்க."

அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். டப்பாவையும் மடிக்கணினியையும் துண்டில் சுற்றி வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

வண்டி வரப்பைத் தாண்டி மண்பாதையில் ஏறியது.

இணைப்பு அறுந்தால் பழைய எண்தான் திரையில் நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. அவள் எழுந்து வண்டியின் பின்னால் ஓடினாள்.