கணினி அண்ணன் போட்ட கணக்கு

சூரியனைப் போல அணுக்களை ஒன்றுசேர்த்து வெப்பம் எடுக்கும் உலை ஒன்று இருந்தது. உளுந்து வடை மாதிரி வளைந்த அதன் வயிற்றுக்குள், பிளாஸ்மா என்கிற நெருப்பு காந்தங்களின் பிடியில் சுவரைத் தொடாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பிடி நழுவினால் முதலில் வேகப்போவது உள்சுவரில் பதித்திருந்த ஓடுதான்.

பக்கத்து அறைக் கணினிக்கு ஒரே வேலை. பிடி எப்போது நழுவும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஒருநாள் ஓடு கணினியைக் கூப்பிட்டது. "அண்ணே, இன்னைக்கு இந்தப் பிளாஸ்மா ஆடுற ஆட்டமே சரியில்லை. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

"இதோ, முடிஞ்சிருச்சு," என்று சொல்லிவிட்டுக் கணினி கணக்கை ஆரம்பித்தது.

கண்ணிமைக்கும் நேரத்தில் பிளாஸ்மா பிடியை உதறிவிட்டுச் சுவரில் பாய்ந்தது. ஓடு கரிந்துபோனது. ஆட்கள் அதைக் கழற்றிக் கொண்டுவந்து கணினியின் மேசைமேலேயே வைத்தார்கள். கணினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கணக்கில் அவ்வளவு மும்முரம்.

பதினோராம் நாள் கணக்கு முடிந்ததும் அது அலறியது: "ஓடு! ஓடு!"

"என்னண்ணே, கூப்பிட்டீங்களா?" என்றது பக்கத்திலிருந்த ஓடு.

"கூப்பிடலைடா, ஓடச் சொல்றேன்! பிளாஸ்மா உன்மேல பாயப்போகுது. இடது ஓரம் அரை விரல் உருகிடும்!"

ஓடு தன் இடது ஓரத்தைப் பார்த்தது. சரியாக அரை விரல் குறைந்திருந்தது.

"அப்படியேதாண்ணே இருக்கு," என்றது.

"பின்னே?" என்றது கணினி. "நம்ம கணக்கு என்னைக்குடா தப்பியிருக்கு?"